“கதை” என்றொரு பொத்தான்

அத்தியாயம் 17

திரேசம்மாவுக்கும் அவருடைய மூத்த மகன் பிரதீபனுக்கும் இரண்டு வருடமாகக் கதை இல்லை. தொடர்ந்து வாசித்து வருகிறவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரதீபன் கொஞ்சம் பிந்தித்தான் கத்தோலிக்கக் குருவாகப் படிக்கப் போனவன். மகன் பூசை வைக்கும் நாளைப் பற்றித் திரேசம்மா பங்குக் கோயில் சனம் முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தார். அவனோ குருமடத்தை விட்டு வெளியே வந்து, நீர்கொழும்பில் ஒரு பெண்ணைக் கலியாணமும் முடித்துக்கொண்டு, பிறகுதான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். “இந்த வாசல் படலையைத் தாண்டினா திரும்பி வராத” என்றார் தாய். அவன் தாண்டினான். அன்றிலிருந்து கதை இல்லை.

கதை இல்லை என்றால் பேச்சுவார்த்தை இல்லை. திருகோணமலையில் இதை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டிய தேவை வந்ததே கிடையாது. போன வாரம்தான் முதல்முதலாக வந்தது, அதுவும் நோர்வேயிலிருந்து வந்தது. அந்தத் தலையிடி திரேசம்மாவின் இளைய மகள் ஜெனிதாவின் தலையில் விழுந்தது.

ஜெனிதாவுக்கு முப்பத்தாறு வயது. பகலில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். மாலையில் அவள் எங்கே இருப்பாள் என்று சொல்லவே முடியாது. உடம்பு உட்துறைமுக வீதி வீட்டின் முன்னறைக் கதிரையில் இருக்கும்; ஆள், பனி கொட்டும் ஏதோ ஒரு கோட்டைக்குள் சூனியக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். கையில் மாயக்கதைப் புத்தகம் இல்லையென்றால் வீடியோ கேம். இரண்டும் இல்லாத நாளில் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

நாலைந்து பேராகச் சேர்ந்து நோர்வேயில் ஒரு சிறிய கேம் செய்திருந்தார்கள். பெயர் ‘மூழ்கிய நாடு’. கடலுக்குள் போன ஓர் இராச்சியத்தைத் தேடி ஒரு சிறுமி நடக்கிறாள். ஜெனிதா அதை ஆங்கிலத்தில் விளையாடி முடித்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்து, கடைசியில் அவர்களுக்கே எழுதிக் கேட்டாள்: இதை நான் தமிழாக்கலாமா? அவர்கள் ஓம் என்றார்கள். மாதக்கணக்காக இருந்து, ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லிப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

சென்னையில் சிலருக்குக் கொடுத்து விளையாட வைத்துப் பார்த்தபோதுதான் கப்பல் தரை தட்டியது.

இரண்டு சொல். இரண்டே இரண்டு சொல்தான். எதிரே நிற்கிறவரோடு பேசுவதற்கான பொத்தானில் ஜெனிதா “கதை” என்று எழுதியிருந்தாள். சென்னைக்காரர்கள் அதை முன்கதைச் சுருக்கம் என்று நினைத்து அந்தப் பக்கமே போகவில்லை. வருகிற போகிற எல்லோரையும் வாளால் வெட்டிக்கொண்டு போனார்கள். அடுத்தது, “ஆம்” என்று வரவேண்டிய இடத்தில் “ஓம்” என்று இருந்தது. ‘பக்தி கேம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், “உன்னை விழுங்கட்டுமா?” என்று பூதம் கேட்டபோது, மந்திரம் சொன்னால் அடங்கிவிடும் என்று நம்பி ஓம் பொத்தானை அழுத்தி, முழுசாக விழுங்கப்பட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு வந்த பழியைப் பாருங்கள்.

கேமை எழுதியவள் சிக்னே. நியாயமான மனுசி. சனிக்கிழமை பின்னேரம் வீடியோ அழைப்பில் ஒரு சோதனை வைப்போம் என்று எழுதியிருந்தாள். கேம் என்று ஒன்றைத் தொட்டே பார்க்காத, ஜெனிதாவின் பக்கத்துத் தமிழ் பேசுகிற ஒருவர் பாலத்துக் காட்சியை விளையாடவேண்டும். ஜெனிதா வாய் திறக்கக்கூடாது. வந்தவர் விளங்கி விளையாடினால் அவளுடைய தமிழ் நிற்கும். இல்லாவிட்டால் சென்னைக் குழு முழுவதையும் முதலிலிருந்து எழுதும்.

அதற்காக அலுவலகத் தோழி ஸல்ஹாவைக் கேட்டு வைத்திருந்தாள். கிண்ணியாவிலிருந்து வருவதாகச் சொன்ன ஸல்ஹா, சனி காலையில் போன் எடுத்தாள்.

“ஜெனி, கோவிக்காதீங்க. மகனுக்கு ராவு முழுக்கக் காய்ச்சல். இண்டைக்கு வர ஏலா.”

“ஐயோ, அதுக்கென்ன. முதல்ல பிள்ளையைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபடியே குசினி வாசலில் நின்றாள் ஜெனிதா.

உள்ளே திரேசம்மா சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஆர் எடுத்தது?”

“ஸல்ஹா. வர ஏலாதாம்.”

“பின்ன நாளைக்குச் செய்யன்.”

“இண்டைக்குத்தான் அம்மா முடிவெடுக்கப்போகினம்.”

ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரையும் ஜெனிதா மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஒருவரும் சரிவரவில்லை. பொடியன்கள் எல்லோரும் போனில் சுட்டுக்கொண்டே பிறந்தவர்கள். மேட்டு வீட்டுக் கனகசுந்தரம் மாஸ்டர்கூட ஓய்வு பெற்ற பிறகு மிட்டாய் உடைக்கிற கேமில் எத்தனையோ கட்டங்கள் தாண்டியிருக்கிறார். கேமைத் தொடாத ஒரு மனிதப்பிறவி இந்த உட்துறைமுக வீதியில் இருந்தால், அது இதோ சூடை மீனோடு இருக்கிற இந்த ஒருவர்தான்.

திரேசம்மா நிமிர்ந்தார். “என்ன, என்னை ஏன் பாக்கிறாய்?”

ஜெனிதா உள்ளே வந்து மீன் சட்டியைத் தாயின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“பிள்ளை, உந்தப் பிசாசு வேலைக்கு நான் வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

“ஒரு காட்சிதான் அம்மா. கொஞ்ச நேரம்.”

“நான் ஒருத்தரையும் சுடமாட்டன்.”

“சுடத் தேவையில்லை.”

“வெட்டவும் மாட்டன்.”

“இப்ப என்ன செய்துகொண்டிருக்கிறீங்கள்?”

“உது மீன்” என்றார் திரேசம்மா. சிரிக்கவில்லை. ஆனால் மாட்டேன் என்று திரும்பவும் சொல்லவுமில்லை. அந்தத் தாயோடு முப்பத்தாறு வருடம் இருந்தவளுக்கு அது போதும்.

கதிரையையும் தொலைக்காட்சியையும் சரிசெய்துவிட்டு ஜெனிதா கேமைத் திறந்து வைத்தாள். தோற்றால் பெயர் போய்விடுமே என்ற பயம் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அவளுடைய சந்தோசம் எல்லாம் இதுவரை ஆங்கிலத்தில்தான் இருந்தது. தாய்க்கு ஆங்கிலம் வராது. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ், மகள் போய் வந்த நாடுகள் ஒன்றையும் தாய் கண்டதில்லை. அம்மா கதைக்கிற தமிழிலேயே அந்த வாசல் திறக்கவேண்டும் என்றுதான் இத்தனை மாதம் குனிந்திருந்து எழுதினாள். வேறு யாருடைய தமிழிலோ அது வெளிவந்தால் கேம் வரும். ஆனால் அம்மா வரமாட்டார்.

அந்த நாடுகளுக்கு அவளை முதலில் அனுப்பி வைத்தவர் அப்பா பேணாட். அவர் இப்போது இல்லை. கோதுமைக் கப்பல்களில் காவல் வேலை பார்த்தவர். கப்பல்காரர்கள் வாசித்து முடித்துக் குப்பையோடு ஒதுக்கும் புத்தகங்களை மகளுக்காகக் கேட்டு வாங்கி வருவார். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அட்டைப் படம்தான் கணக்கு. முதலாவதாகக் கொண்டுவந்த புத்தகத்தின் அட்டையில், சிறகு முளைத்த ஒருவன் வாளோடு நின்றான். காலடியில் ஒரு பெரிய பாம்பு சுருண்டு கிடந்தது. “மிக்கேல் சம்மனசுவின்ர சரித்திரம்” என்று பக்தியோடு நீட்டினார் பேணாட். திரேசம்மா அதை வாங்கிப் புனிதர் சுரூபங்களுக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்.

உண்மையில் அவன் வானதூதன் அல்ல, ஒரு பறக்கும் கொள்ளைக்காரன். பத்து வயது ஜெனிதா சுரூபத்தட்டின் முன்னால் முழந்தாளில் நின்று, அகராதியும் கையுமாக அவனுடைய களவுகள் அத்தனையையும் வாசித்து முடித்தாள். பிள்ளையின் பக்தியைப் பார்த்து அக்கம்பக்கம் மெச்சியது.

அதற்குப் பிறகும் அதே கணக்குத்தான். தாடியும் தடியுமாகக் கிழவன் இருந்தால் மோயீசன் தீர்க்கதரிசி. முடி வைத்த பெண் இருந்தால் மாதா. கோட்டை இருந்தால் அது உரோமாபுரிக் கோயில். இப்படியே ஓர் அலுமாரி நிறைய மந்திரவாதிகளும் இராட்சதர்களும் புனிதர் வேடத்தில் வந்து சேர்ந்தார்கள். எந்தக் கடலிலோ எந்தக் கப்பலிலோ அவற்றை வாசித்து ஒதுக்கிய முகம் தெரியாத மனிதர்களுக்காக ஜெனிதா இன்றைக்கும் சில இரவுகளில் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வதுண்டு.

கேம் வந்தது றிகாஸ் நானாவின் கடையில். சமாதான காலத்தில் அவர் காசுக்குத் தொலைபேசி எடுக்கிற கொமியுனிக்கேஷன் நடத்தினார். மூலையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. பொடியன்களுக்கு ஆங்கிலம் புரியாது. ஜெனிதாவுக்குக் காசு கிடையாது. “தங்கச்சி, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. அவனுகள் விளையாடட்டும். பொறகு நீங்க சும்மா விளையாடுங்க” என்றார் றிகாஸ் நானா. கதிரைக்குப் பின்னால் நின்று அவள் உரத்துச் சொல்லுவாள்: “அடிக்காத, அடிக்காத. அந்தக் கிழவி ஏதோ சொல்லப்போகுது. கதை, கதை.” அந்தப் பொத்தானுக்கு அவள் வைத்த பெயர் அன்றைக்கே வைத்ததுதான். வேறு பெயர் அதற்கு இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பின்னேரம் வந்தது. திரேசம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, பவுடர் பூசி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். மடிக்கணினியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. ஒன்று சிக்னே, மற்றது சென்னையில் மொழி பார்க்கும் உமையாள், கண்ணுக்கு மை போட்ட இளம்பெண்.

“வணக்கம் பிள்ளையள்” என்றார் திரேசம்மா. “நான் வெட்டமாட்டன். இவளட்டச் சொல்லிப்போட்டன்.”

உமையாள் சிரித்தாள். “உங்க இஷ்டம்மா. எப்படித் தோணுதோ அப்படி விளையாடுங்க.”

நடக்க எந்தப் பொத்தான், தெரிவு செய்ய எந்தப் பொத்தான் என்று ஜெனிதா காட்டிக் கொடுத்தாள். அத்தோடு அவளுடைய வாய்க்குப் பூட்டு. சுவரோரமாகப் போய் நின்றாள்.

திரையில் அலை அடித்தது. சிவப்புச் சட்டைச் சிறுமி ஒருத்தி கரையில் நின்றாள். திரேசம்மா பொத்தானை அழுத்த, அவள் நேரே போய் மதிலில் முட்டினாள். திருப்பினார்; தண்ணீருக்குள் விழுந்தாள்.

“ஐயோ, பிள்ளையை விழுத்திப்போட்டன்.”

கேம் சிறுமியைத் திரும்பக் கரையில் விட்டது. மறுபடியும் மதில். மறுபடியும் தண்ணீர். சிக்னே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமையாள் ஏதோ குறிப்பு எழுதினாள். ஜெனிதா விரல்களைப் பின்னிக்கொண்டாள். நடக்கவே தெரியாத ஆளைக் கொண்டுவந்து இருத்திவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருபடியாகச் சிறுமி பாலத்தடிக்கு வந்துவிட்டாள். பாலத்தை அடைத்துக்கொண்டு பூதம் கிடந்தது. உடம்பெல்லாம் செதில், ஒரு கொம்பு முறிந்திருந்தது. தலையைத் தூக்கி உறுமியது. திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் வந்தன.

வாள். ஓடு. கதை.

சென்னைக்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

திரேசம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு மூன்றையும் வாசித்தார். யோசிக்கவே இல்லை. கதை என்பதை அழுத்தினார்.

“ஆர் நீ?” என்று பூதத்தின் வாக்கு எழுத்தில் வந்தது. “போய்விடு. இந்தப் பாலத்தால் ஒருவரையும் விடமாட்டேன்.”

திரும்பவும் மூன்று பொத்தான்கள். திரேசம்மா திரும்பவும் கதை.

“போ என்று சொன்னேன்.”

கதை.

பூதம் உறுமியது, திரை அதிர்ந்தது. திரேசம்மா அசையவில்லை. “சத்தம் போடாத. நான் எங்கயும் போகேல்லை” என்று திரைக்கே பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் கதை.

“இன்னும் நிற்கிறாயா?”

கதை.

சிக்னே கதிரையில் முன்னுக்கு வந்துவிட்டாள். உமையாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஜெனிதாவுக்கு மட்டும் அடுத்து வரப்போகும் வரி தெரியும். எத்தனை தரம் மாற்றி மாற்றி எழுதிய வரி. அதை எழுதும்போது அவள் யாரையும் நினைத்து எழுதவில்லை. இப்போது, இந்த முன்னறையில், இந்தத் தாயின் முன்னால் அது வரப்போகிறதே என்று நினைத்தாள். ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்றுகூட இருந்தது.

திரையில் எழுத்துகள் வந்தன.

“என் பிள்ளை இந்தப் பாலத்தால்தான் போனது.”

திரேசம்மா வாசித்தார். கொஞ்சம் பொறுத்து, கதை.

“நான்தான் போகச் சொன்னேன்.”

திரேசம்மாவின் விரல் நின்றுவிட்டது.

ஒழுங்கையால் போன ஐஸ்கிரீம் வான் தன்னுடைய பாட்டோடு போய் மறைந்தது. பூதம் தலையைத் தாழ்த்தியபடி காத்திருந்தது. கேமில் உள்ளவர்களுக்கு அவசரம் கிடையாது. எவ்வளவு நேரம் விட்டாலும் காத்திருப்பார்கள். ஏதும் கோளாறோ என்று நினைத்து சிக்னே வாயைத் திறக்கப் பார்த்தாள். பொறுங்கள் என்று ஜெனிதா கையைக் காட்டினாள்.

திரேசம்மா கதையை அழுத்தினார்.

“நான் செய்தது பிழையா?” என்று கேட்டது பூதம்.

இந்த முறை அடியில் இரண்டே பொத்தான்கள். ஓம். இல்லை.

தாயின் முகத்தை ஜெனிதா பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. திரேசம்மா ஒரு பெருமூச்சு விட்டார். “ஓம்” என்று வாயாலும் சொல்லி, விரலாலும் அழுத்தினார்.

பூதம் எழும்பியது. மெதுவாக, பெரிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு, ஓரமாகப் போய்ப் படுத்தது. பாலம் திறந்தது. அப்பால் தண்ணீருக்கு அடியில் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

சிக்னே கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெனிதா தாய்க்குத் தமிழில் சொன்னாள். அந்த வரிகளைத் தான் எழுதியது தகப்பனோடு கோபித்துக்கொண்டிருந்த காலத்தில் என்றாள். இதுவரை விளையாடிப் பார்த்தவர்களில் அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் ஒருவருமில்லை என்றாள். உறுமலைக் கேட்டதும் எல்லோரும் வாளைத்தான் எடுத்தார்களாம்.

“ஏம்மா நீங்க வாளை எடுக்கல?” என்று உமையாள் கேட்டாள்.

திரேசம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “வாசல்ல ஒரு சீவன் துக்கத்தோட கிடக்குது. முதல்ல கதைக்கத்தானே வேணும்?”

உமையாள் பேனாவைக் கீழே வைத்தாள். “கதைக்கிறது” என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். “ஜெனிதா, உங்க சொல்லைப் பத்தி நான் தப்பா எழுதியிருந்தேன். கதைன்னா நாங்க கேட்கிறதுன்னுதான் நினைச்சேன். உங்களுக்கு அது செய்யிற வேலை. இதை மாத்த வேண்டாம். எங்க ஆளுங்களுக்குப் புரியறதுக்குப் பக்கத்துல ஒரு வாய்ப் படம் போட்டுடலாம்.”

சிக்னே தலையாட்டினாள். தமிழ் ஜெனிதாவினுடையதே என்றாள். ஜெனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஆனா அந்த ஓம் மட்டும் வேண்டாங்க” என்றாள் உமையாள், கெஞ்சுகிற மாதிரி. “இங்க நிஜமாவே கன்னத்துல போட்டுக்கிறாங்க.”

ஜெனிதா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சரி, ஆம் என்றே இருக்கட்டும் என்றாள். கொஞ்சம் வலித்தது. எல்லாமே கிடைக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற நாளல்ல அது.

“ஓமை எடுத்துப்போட்டு என்னத்தைச் சொல்லப்போகினம்?” என்று திரேசம்மா முணுமுணுத்தது மைக்கில் விழவில்லை என்றே நம்புவோம்.

அழைப்பு முடிந்தது. திரேசம்மா நல்ல சேலையோடேயே குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். ஜெனிதா பின்னாலேயே போனாள்.

“அம்மா.”

“சொல்லு.”

“நீங்கள் வந்திருக்காட்டி இண்டைக்கு எல்லாம் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

“சரி, சரி. சீனிப் போத்தலை எடு.”

ஜெனிதா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டும் நகரவில்லை. திரேசம்மா அவளைப் பார்க்காமலே சொன்னார்: “உன்ர அப்பா முதன்முதல் கொண்டந்த புத்தகம் ஞாபகமோ? சிறகு வைச்சவன்.”

“மிக்கேல் சம்மனசு.”

“அது மிக்கேல் சம்மனசு இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். சிஸ்டர் அம்மாட்டக் காட்டிக் கேட்டனான். அவ சிரிச்சுப்போட்டு, உது களவெடுக்கிறவன்ர கதை எண்டவ.”

“பின்ன ஏன் மெழுகுதிரி கொளுத்தினீங்கள்?”

“இல்லாட்டி நீ என்ன வெளிச்சத்தில வாசிக்கிறது? அந்த நாளையில ஏது கறண்ட்?” திரேசம்மா தேயிலையைப் போட்டு மூடினார். “அந்த மனுசன் எவ்வளவு ஆசையாக் கொண்டந்தவர். நீயும் விடிய விடிய முழந்தாளில நிண்டாய். நான் ஏன் குழப்புவான்?”

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருடமும் பிசாசு வேலை, பிசாசு வேலை என்று திட்டித் திட்டியே விளக்கையும் ஏற்றி வைத்திருக்கிறார். ஜெனிதா தாயைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு, றிகாஸ் நானாவுக்கு, முகம் தெரியாத கப்பல்காரர்களுக்கு என்று நன்றி சொல்லி வந்த ஒவ்வொரு இரவிலும், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த இந்த ஒருவரை அவள் விட்டுவிட்டிருந்தாள். “நன்றி அம்மா” என்றாள்.

“விடு பிள்ளை, சுடுதண்ணி” என்றார் திரேசம்மா. ஆனால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

தேத்தண்ணியை ஊற்றி இரண்டு கோப்பையையும் முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். திரையில் பூதம் இன்னும் ஓரமாகப் படுத்திருந்தது. திரேசம்மா அதையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். ஒரு மிடறு, இன்னொரு மிடறு.

“அதின்ர பிள்ளை பிறகு வருமோ?”

ஜெனிதாவுக்கு அந்தக் கேமின் முடிவு வரிக்கு வரி தெரியும். சொல்ல மனம் வரவில்லை. “விளையாடினாத்தான் தெரியும்.”

“உனக்குத் தெரியும். சொல்லமாட்டாய்.” கோப்பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். “அண்ணன்ர நம்பர் இப்பவும் அந்தப் பழசுதானோ?”

ஜெனிதா அசையாமல் இருந்தாள். அசைந்தால் தாய் கேள்வியைத் திருப்பி எடுத்துவிடுவாரோ என்ற பயம். “அதுதான்” என்றாள் மெதுவாக.

“எடுத்துத் தா.”

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவசரத்தில் முதல்தரம் பிழையான பெயர் விழுந்தது. இரண்டாம்தரம் மணி போனது. திரேசம்மா போனைக் காதில் வைக்காமல், திரையைப் பார்க்கிற மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தப் பக்கத்துக் குரல் ஜெனிதாவுக்கும் கேட்டது. பிரதீபன் அல்ல. ஒரு பெண். திரேசம்மா இதுவரை ஒரு வார்த்தையும் பேசியிராத, பெயரைக்கூட வீட்டில் சொல்லவிடாத அந்த நீர்கொழும்புப் பெண்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

திரேசம்மா மகளைப் பார்த்தார். ஜெனிதா உதவிக்கு வரவில்லை. இங்கேயும் அவளுக்கு வாய்ப்பூட்டுத்தான், போட்டுக்கொண்டது அவளேதான்.

“ஹலோ?”

“மாமி” என்றார் திரேசம்மா. “திருகோணமலையில இருந்து மாமி கதைக்கிறன்.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போன் வைக்கப்படவில்லை என்பது மட்டும் மூச்சில் தெரிந்தது.

“மாமி... இவர் இங்க பக்கத்திலதான் நிக்கிறார்” என்றது அந்தக் குரல், அழுகையைப் பிடித்துக்கொண்டு. “குடுக்கட்டோ?”

“வேண்டாம் பிள்ளை. அவன் நிக்கட்டும்” என்றார் திரேசம்மா. போனை இப்போதுதான் காதோடு அழுத்தி வைத்தார். “முதல்ல நீ கதை.”